சமமாக விழுந்த மணல்

என் தங்கை தூரிகை பிடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். நானோ இருபத்திரண்டு வருஷமாக டிராயிங் டீச்சர். அவள் வரைந்த படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கடற்கரையில் என் இரண்டு பிள்ளைகள். இம்ப்ரெஷனிசப் பாணி. கண் இல்லை, மூக்கு இல்லை, அவசரமாக இழுத்த நாலு வண்ணத் தீற்றல்தான். ஆனாலும் அலைக்குப் பயந்து ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பது சின்னவள்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பெற்றவள் நான். அவள் அப்படி நிற்பாள் என்பதே எனக்குத் தெரியாது.

கண்காட்சிக்கு எங்கள் ஓவியர் சங்கத்திலிருந்து ஒரே ஒரு படம்தான் போகும். அதுவும் கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்ததாக இருக்க வேண்டும். நான் போகவில்லை. வெயில், விடைத்தாள் கட்டு என்று ஆயிரம் சாக்கு. அவள் எடுத்த போட்டோவைப் பார்த்து, வீட்டில் ஃபேனுக்கு அடியில் வரைந்து முடித்தேன். அவள் படத்தில் ஈர வண்ணத்தோடு மணல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் புத்தி கோணலாகப் போயிற்று. பிள்ளைகளின் செருப்பைத் தட்டி, உதிர்ந்த மணலை என் படத்தின் மேல் உப்புத் தூவுவது போலத் தூவினேன்.

சங்கத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"தங்கச்சி படத்துல மணல் ஒரு பக்கமா இருக்கு. காத்து அங்கேருந்து அடிச்சிருக்கு, சரி. உங்க படத்துல மூலை முடுக்கெல்லாம் சமமா இருக்கே டீச்சர், மணல் மழையா பெஞ்சுது?"

நான் முந்தானையால் என் படத்தின் ஓரத்தைத் துடைக்கப் போனேன்.

தங்கை சிரித்தாள். "அதை ஏன் சார் கேக்கறீங்க! அக்கா படத்தைக் காய வச்சா. இந்த ரெண்டு வாலும் மணலை வாரி அது மேலயே கொட்டிருச்சுங்க. அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிட்டு துரத்தினா பாருங்க, கடைசியில மூணு பேரும் தண்ணியில விழுந்து ஒரே சிரிப்பு!"

தலைவரும் சிரித்துவிட்டார். "அப்போ சீனியர் படமே போகட்டும்" என்று என் படத்தின் பின்னால் முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தாளே ஒரு அக்கா, அவள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.