பொம்மை ஆறும் வரை

மோதிய சத்தம் அடங்கி, கண்ணாடித் தூள் தரையில் சிதறி ஓய்ந்ததும், கொட்டகையில் எல்லோரும் வழக்கம்போலக் கைதட்டினார்கள். ரோகிணி வாக்சௌரே மட்டும் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. புனே பக்கத்துச் சாகனில் புதுக் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்க்கும் அந்தக் கூடத்தில் அதிவேகக் கேமராக்கள் அவள் பொறுப்பு. ஒவ்வொரு கேமராவுக்கும் திரையில் ஒரு விளக்கு உண்டு. அதன் சூடு, நினைவகம், பேட்டரி எல்லாவற்றையும் மென்பொருள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்து, சரியென்றால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், கதை முடிந்ததென்றால் சிவப்பு காட்டும். காருக்குள் பின்சீட்டைப் பார்த்தபடி பொருத்தியிருந்த கேமரா இப்போது சிவப்பில் இருந்தது. சோதனைத் தலைவர் விலாஸ் பெண்ட்சே அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"படம்?"

"இல்ல சார்."

காருக்குள் இருக்கும் கேமரா எடுத்த படத்தை முதலில் தன் நினைவிலேயே வைத்திருக்கும். மோதல் முடிந்த பிறகுதான் அது கம்பி வழியாகக் கணினிக்கு இறங்கும். மோதலில் கம்பி அறுந்தால், மறுபடி இணைக்கும்வரை பேட்டரிதான் அதற்கு உயிர். அன்று கம்பி அறுந்தது. பேட்டரி தாங்கவில்லை. படமும் அதோடு போயிற்று. பின்சீட்டில், அடியை அளக்கும் கருவிகள் பொருத்திய குழந்தை பொம்மை இருந்தது. அதன் கழுத்தில் பதிந்த அளவு, நிஜக் குழந்தையாக இருந்தால் பிழைத்திருக்காது என்றது. குழந்தை இருக்கையின் கொக்கி நழுவியதா, முன்சீட்டு பின்னால் சாய்ந்து அடித்ததா என்று அந்த ஒரு கேமராதான் சொல்லியிருக்கும். கையால் செய்த முதல் வண்டி அது, இன்னொன்று கிடையாது. இனிமேல் காரைச் செய்த தொழிற்சாலைக்காரர்கள் குத்துமதிப்பாக எதையாவது மாற்றுவார்கள், அது சரியாக இருக்க வேண்டுமென்று சாமியைக் கும்பிட வேண்டியதுதான்.

மதியம் ரோகிணி சாப்பிடப் போனபோது விலாஸ் அவள் இடத்தில் உட்கார்ந்து மென்பொருளின் பதிவைத் திறந்தார். அவர் பயந்தபடியே இருந்தது. வண்டி கிளம்புவதற்குச் சற்று முன்னால் அந்தக் கேமராவின் பேட்டரிக்கு மஞ்சள் வந்திருக்கிறது. யாரோ கையால் அந்த எச்சரிக்கையை மூடியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த நாற்காலியில் அவளைத் தவிர வேறு யார் உட்கார்ந்தார்கள்?

மஞ்சளை மூட வேண்டுமானால் ஏன் மூடுகிறோம் என்று ஒரு காரணம் தட்டச்ச வேண்டும். விலாஸ் பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். சேர்ந்த புதிதில் ரோகிணி நீளநீளமாக எழுதியிருந்தாள்: பேட்டரியைக் கழற்றி அளந்தோம், சரியாக இருந்தது, விளக்குச் சூட்டில் தவறாகக் காட்டியிருக்கலாம், அடுத்த முறையும் அளந்துவிடுவது நல்லது. ஏதோ மகளுக்குக் கடிதம் எழுதுவது போல. ஒரு தேதிக்குப் பிறகு எல்லா இடத்திலும் ஒரே வார்த்தைதான். 'வழக்கமானது.' இன்று காலையும் அதேதான். அந்தத் தேதி என்னவென்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கூடத்தில் மோதலுக்கு முன் பத்து, ஒன்பது என்று எண்ண ஆரம்பித்ததை நிறுத்துவது சின்ன விஷயமில்லை. படத்துக்காகப் போடும் ராட்சத விளக்குகள் கொஞ்ச நேரத்திலேயே பொம்மைகளைச் சுட வைத்துவிடும். சூடான பொம்மையின் ரப்பர் கழுத்து தப்புத்தப்பாக அளவு காட்டும். ஆகவே நிறுத்தினால் விளக்கை அணைத்து, பொம்மை ஆறும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அரை நாள் போய்விடும். ரோகிணியோ மஞ்சள் வந்தபோதெல்லாம் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினாள். கழற்றிப் பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருக்கும். வண்டியைத் தண்டவாள வழியே சுவரை நோக்கி இழுக்கும் பொறியைப் பார்த்துக்கொள்ளும் பாபன்ராவ் உடனே ஸ்பேனரால் தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டுவார், 'டிங்' என்று, அரசு எஸ்டி பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்த மணியடிப்பது போல. கொட்டகையே சிரிக்கும். சிவாஜிநகர் சிக்னல்கூட இவ்வளவு நேரம் நிறுத்தாது மேடம் என்பார். அவளும் சிரித்துக்கொண்டே பேட்டரியைக் கழற்றப் போவாள். அந்தக் கேலி அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்தது விலாஸ்தான். வெளியூரிலிருந்து பெரிய விருந்தாளிகள் வந்திருந்த ஒரு நாள், தேங்காய் உடைத்து, அவல் போஹா சாப்பிட்டு, எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றிருந்தபோது அவள் கை உயர்ந்தது. அன்றும் பேட்டரி நன்றாகவே இருந்தது. எல்லோர் காதிலும் விழும்படி அவர் சொன்னார்: "மஞ்சளப் பாத்தா பயமா இருந்தா, அத மூடி வச்சிட்டு உக்காரு. இங்க நிறுத்தறது என் வேல." அன்றைக்கு பாபன்ராவ்கூடத் தட்டவில்லை.

சாப்பிட்டு வந்த ரோகிணி தன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதையும் திரையில் இருந்ததையும் பார்த்தாள். டப்பாவைக் கழுவிய ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஒப்பந்த வேலைக்காரி. பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அது இருவருக்குமே தெரியும்.

"பாத்தே இல்ல?"

"பாத்தேன் சார்."

"அப்போ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ரோகிணி."

அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்பவள்போல யோசித்துவிட்டுக் கேட்டாள். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா சார்?"

நிறுத்தியிருப்பேன் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. காலையில் தொழிற்சாலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும், விளக்குகள் எரிய ஆரம்பித்ததும், சீக்கிரம் சீக்கிரம் என்று தன் மனசு அடித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. நிறுத்தியிருக்க மாட்டார். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு வழிவிட்டார்.

அறிக்கையில் பேட்டரிக் கோளாறு என்று எழுதினார். அது பொய்யில்லை. அவள் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார், ஆனால் முழங்கை அழுக்கு மாதிரி அந்த எண்ணத்தின் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. என் உத்தரவால் என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் குறைந்துபோயிருக்க மாட்டார். எழுத அவருக்கு மனம் வரவில்லை. கையெழுத்துக்கு வந்த அறிக்கையை ரோகிணி முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மறுவாரம் தன்னைப் பொம்மை அறைக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்தாள். அங்கே சூடு பார்த்துச் சொல்வதும், மூட்டுகளை இறுக்குவதும்தான் வேலை.

கேமராவுக்கு துஷார் என்பவன் வந்தான். கேமரா தயாரா என்று கேட்டு முடிப்பதற்குள் "தயார்" என்பான். ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. மேலிடத்துக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

கொக்கியை மாற்றிய புது வண்டி மழைக்காலம் முடிந்து வந்தது. கொக்கிதான் காரணமென்று ஒருவருக்கும் தெரியாது, ஏதாவது மாற்ற வேண்டுமே என்று மாற்றியிருந்தார்கள். பின்சீட்டில் அதே குழந்தை பொம்மை. விளக்குகள் எரிந்தன. துஷார் தயார் என்றான். விலாஸ் தன் இடத்தை விட்டு நடந்துபோய் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பின்சீட்டுக் கேமராவுக்கு மஞ்சள்.

"அது எப்பவும் வர்றதுதான் சார்," என்றான் அவன், மூடுவதற்குக் கையைக் கொண்டுபோனபடி.

"நிறுத்து," என்றார் விலாஸ்.

விளக்குகள் அணைந்தன. திடீரென்று கொட்டகை குகை மாதிரி ஆயிற்று. பேட்டரியைக் கழற்றி அளந்தார்கள். நன்றாகவே இருந்தது. விலாஸ் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை, தொழிற்சாலைக்காரர்கள்கூட, நல்ல முன்ஜாக்கிரதை என்றுதான் சொன்னார்கள். பாபன்ராவ் தண்டவாளத்தில் உட்கார்ந்து புகையிலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அவர் மடியில் கிடந்தது. விலாஸ் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தட்டலயா பாபன்ராவ்?"

"உங்களுக்கா சார்?" என்று பதறிப்போய் எழுந்த பாபன்ராவ் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பொம்மை அறைக் கதவு திறந்தது. ரோகிணி வெப்பமானியும் குறிப்பு அட்டையுமாக வந்து காரின் பின்கதவைத் திறந்தாள். குழந்தை பொம்மையின் சட்டைக்குள் அதைச் செருகிவிட்டு நின்றாள். விலாஸ் காருக்கு மறுபக்கம் வந்து நின்றார். நடுவில் உடையாத கண்ணாடிகள்.

"இன்னும் சூடா இருக்கு சார். ஆற நேரமாகும்," என்றாள் அவள், எண்ணைப் பார்த்தபடியே.

"ஆறட்டும்," என்றார் அவர்.

அவள் போகவில்லை. கையிலிருந்த அட்டையால், சற்றே சாய்ந்திருந்த அந்தப் பொம்மைத் தலைக்கு மெதுவாக விசிறிக்கொண்டிருந்தாள்.