மெதுவா அழுங்க

விமானத்தின் கதவைச் சாத்தியாகிவிட்டது. கைப்பேசிகளை அணைக்கச் சொல்லிக்கொண்டே பணிப்பெண் முன்வரிசைக்கு வந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

"என் தங்கச்சி போயிட்டாளே! வந்துடறேன்னு சொன்னேனே, அதுக்குள்ள போயிட்டாளே!"

விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. பின்வரிசைகளிலிருந்து நம் ஆட்கள் நாலைந்து பேர் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், இன்னொருவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். உட்காரச் சொன்ன பணிப்பெண்ணை முறைத்தார் ஒருவர். "அழட்டும் விடும்மா. கல்லு மாதிரி உக்காந்திருக்கவா முடியும்?"

மற்றவர்கள் எல்லாம் விமானம் புறப்படும் அந்த வெளிநாட்டுக்காரர்கள். ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களை ஈரமில்லாதவர்கள் என்றுதான் தமிழ்ப்பெண்ணான இந்தப் பணிப்பெண்ணும் நினைத்தாள். துக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருப்பதுதான் அவர்கள் காட்டும் மரியாதை என்று புரியப் பல வருஷம் ஆயிற்று. ஆனால் இப்படி ஓர் அழுகையை அவர்கள் கேட்டதில்லை. என்னவோ ஏதோவென்று பயந்து, ஒருவர் மாற்றி ஒருவர் அழைப்பு மணியை அழுத்தினார்கள்.

விமானம் நின்றுவிட்டது. தலைமைப் பணிப்பெண் வந்து இவளைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். கேப்டன் கேட்கிறார், அந்த அம்மாள் அடங்கவில்லையென்றால் திருப்பிக் கொண்டுபோய் இறக்கிவிடுவார், அவள் பாஷை உனக்குத்தானே தெரியும், நீயே போய்ச் சொல் என்றாள். அவள் குரலிலும் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பின்வரிசைக்காரர்களை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்துவிட்டு, பணிப்பெண் அந்த அம்மாளின் முன்னால் மண்டியிட்டாள்.

"அக்கா, சத்தம் போட்டா இறக்கி விட்டுடுவாங்கக்கா. நாளைக்குத்தான் அடுத்த ஃப்ளைட்டு."

"நாளைக்கா? அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாங்களேம்மா. முகத்த ஒரு தடவ பாக்கணுமே."

"அதனாலதான் சொல்றேன்."

"அழக்கூடாதாம்மா?"

தன் அக்கா இருந்தால் இந்த வயதுதான் இருப்பாள் என்று சம்பந்தமில்லாமல் பணிப்பெண்ணுக்கு ஒரு நினைப்பு வந்தது. "மெதுவா அழுங்கக்கா" என்றாள்.

அந்த அம்மாள் குழந்தை மாதிரித் தலையாட்டினாள். மடியில் கிடந்த போர்வையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

விமானம் மறுபடி நகர்ந்தது. பணிப்பெண்ணின் மடக்கு இருக்கை அவளுக்கு நேர் எதிரே, முழங்காலுக்கு முழங்கால் என்று சொல்லும் தூரத்தில். மேலெழும்பும்போது பணியாளர்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, வைத்துக்கொண்டாள். எதிரே தோள்கள் குலுங்கின. ஆனால் அந்தக் கண்கள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன, இது போதுமா, சத்தம் வரவில்லையே என்று கேட்பதுபோல. இவள் தலையசைத்தாள்.

இன்ஜின்கள் முழு மூச்சில் இரைந்தன. தரை அதிர்ந்தது. இந்த இரைச்சலில் யார் எவ்வளவு கதறினாலும் ஒருவருக்கும் கேட்காது.

"இப்ப அழுங்கக்கா" என்றாள் பணிப்பெண். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "வாய் விட்டு அழுங்க! இப்ப அழலாம்!"

அந்த அம்மாள் அசையும் அந்த உதடுகளைப் பார்த்தாள். மிரண்டு போய், சரி சரி என்று வேகமாகத் தலையாட்டி, இரண்டு கைகளாலும் போர்வையை வாயோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.