சாடை

"ஊசிய கையில குடுத்தனுப்ப ஏலாது, தங்கச்சி. ஆள் வரணும்."

"ஆள் வர முடிஞ்சா நான் எதுக்கு வாறேன், ஐயா? அவன பொலிஸ்ல உள்ள வச்சிருக்காங்க."

டொக்டர் நுஹ்மான் பேனாவை மூடினார். கோகிலா தம்பி சசியின் கிளினிக் அட்டையை நீட்டியபடியே நின்றாள். விடியலில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, அரநாயக்க மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். விரலிடுக்கில் பால் காய்ந்து தோலாய் உரிந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம்.

"எதுக்காம்?"

"கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவன பஸ்ஸில இருந்து இறக்கிட்டாங்க. தேடுற புலி ஒருத்தனோட போட்டோ வச்சிருக்காங்க. அதே தாடை, அதே நெத்தி. இவன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற புலின்னேன். சிரிக்கிறாங்க."

சின்ன வயதில் சசிக்குத் தொண்டை வலித்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்பா ரப்பர் ஷீட் காயவைக்கும் புகையறையில் வேலை. சாப்பாடு கொண்டுபோன பயல் புகை குடித்துவிட்டான் என்று உப்புத்தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு முழங்கால் வீங்கியது. பிறகு மூச்சு. அப்போது இதே டொக்டர்தான் சொன்னார்: தொண்டைக்கு வந்த கிருமியும் இதயத்துச் சதையும் பார்க்க ஒரே சாடை. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் இதயத்தையும் அடித்துவிட்டது. வால்வு தழும்பாகிவிட்டது. இனி அந்தக் கிருமியை வரவே விடக்கூடாது. அதற்குத்தான் மாதாமாதம் பென்சிலின் ஊசி.

"நேத்துப் பாத்தேன். எச்சி முழுங்க முடியலங்குறான். போன கிழமையே ஊசி போட்டிருக்கணும்."

டொக்டர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவர் முகத்திலும் தூங்காத களைப்பு. "கடிதம் ஒண்டு எழுதித் தரட்டா?"

"இந்த அட்டையையே திருப்பிப் பாக்கலங்க."

"உனக்குச் சிங்களம் நல்லா வருமே. விளங்கப்படுத்தலயா?"

"அந்தச் சாடைக் கதைய ஒண்ணு விடாம சொன்னேன். என் வாயில வந்தா அது தோட்டத்துப் பொம்பள பொலம்பல்."

வெளியே யாரோ வரிசையில் இருமினார்கள். கோகிலா அட்டையை மேசையில் வைத்தாள்.

"ஐயா, எங்களுக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் சொல்லணும். அந்த ஊசிய எடுத்துக்கிட்டு, என்கூட ஒருக்கா ஸ்டேசனுக்கு வாறீங்களா?"