கட்டில் இருந்த இடம்

முற்றத்தின் வடகிழக்கு மூலையில், சுவரை ஒட்டி இரும்புக் கட்டிலைப் போட்டால் மட்டும்தான் நெட் கிடைக்கும். ஒரு முழம் நகர்ந்தாலும் போய்விடும். சண்டைக்குப் பயந்து ஓம்துர்மானிலிருந்து அத்பராவுக்கு ஓடி வந்த புதிதில், நர்சிங் கல்லூரி இனி போனில்தான் நடக்கும் என்று தெரிந்ததும், இஷ்ராகா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பதினான்கு மாதத்தில் கட்டிலின் நான்கு கால்களும் மணலில் நாலு விரல் ஆழம் இறங்கியிருந்தன.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். இப்போது பதினேழு. படிப்பை விட்டவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு விடவில்லை. பெயர் கூப்பிட்டால் பதில் வராது, அவ்வளவுதான். பாடம் எடுக்கும் ஹனாதி மேடம் கெய்ரோவில் ஏதோ ஓர் அறையிலிருந்து பேசுவார். பின்னால் அவர் பிள்ளைகள் சண்டை போடுவது கேட்கும். இஷ்ராகா எந்த நோயாளியையும் தொடாமல் நாடி பார்க்கப் படித்தாள். தக்காளிக்கு ஊசி போட்டுப் பழகினாள். எந்தத் தக்காளியும் சாகவில்லை. ஆரம்பத்தில் குறிப்பெடுத்தாள், பிறகு கேட்க மட்டும் செய்தாள், கடைசி இரண்டு மாதமாக, போனைத் தலையணையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெயர் கூப்பிடும்போது "இருக்கேன் மேடம்" என்பாள். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பதை உம்மா நிறுத்திவிட்டிருந்தாள். கேட்டபோது வந்த எரிச்சலைவிட, கேட்காதது வலித்தது. வியாழக்கிழமை பரீட்சை. அதை எழுதப்போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மேடம், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் ஆக்ஸிமீட்டரைப் பற்றிப் பேசினார்.

"நம்ம ஊர்ப் பொம்பளைங்க விரல்ல கறுப்பு மருதாணி இருக்கும். அதுல மாட்டினா கருவி பொய் சொல்லும். எண்பத்தஞ்சு காட்டும், ஆள் நல்லா இருப்பா. புஸ்தகத்துல இது இருக்காது, எழுதிக்கங்க. அப்போ நீங்க என்ன செய்யணும்னா—"

நெட் போயிற்று. திரும்பியபோது மேடம் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விட்டுப்போனதை இஷ்ராகா கேட்கவில்லை. வகுப்பின் ஒலிப்பதிவை மேடம் குழுவில் போடுவார். அது இறங்க ஒரு நாள் ஆகும். பல பதிவுகளை அவள் திறந்ததே இல்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சாதியா வந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். நாற்பது முடியும்வரை தெருவில் இறங்கக்கூடாது. ஆனால் இரண்டு முற்றத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சிறு வழி உண்டு, அது தெருக் கணக்கில் வராது. புருஷன் போர்ட் சூடானிலிருந்து வருகிறான் என்று விரல்களிலும் பாதங்களிலும் புதுக் கறுப்பு மருதாணி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள்.

"சிஸ்டர்! சிஸ்டர் படிக்குதா, தூங்குதா?"

"ரெண்டும்தான். வா, உக்காரு."

"மூச்சு வாங்குதுடி. மாடி ஏறினா வாங்கும்பாங்க. நம்ம வீட்டுல மாடி எங்க இருக்கு?" சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "மாமியா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு ரக்ஷா ஆட்டோவுக்கு ஆள் விடப் பாக்குது. நான்தான், நம்ம சிஸ்டர் பாக்கட்டும்னேன்."

தெருவே அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்காத சிஸ்டர். இஷ்ராகா கல்லூரிக்காக வாங்கியிருந்த ஆக்ஸிமீட்டரை எடுத்து மாட்டினாள். எண்பத்தாறு. வேறு விரல். எண்பத்தைந்து. தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. அவளுக்குள் ஏதோ ஒன்று, மாதக்கணக்காகச் செத்துக் கிடந்தது, எழுந்து உட்கார்ந்தது.

"என்ன காட்டுது?"

"உன் மருதாணியைக் காட்டுது."

"என்னடி சொல்றே?"

"கறுப்புக்குள்ள அதால பாக்க முடியாது. பொய் சொல்லும். புஸ்தகத்துலகூட இது கிடையாது."

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்திருந்ததை இஷ்ராகா பார்த்தாள்.

"அப்ப ரக்ஷா வேண்டாம்னு சொல்லிரவா?"

"சொல்லிரு. நீ தூங்குறதில்லேல்ல, அதான். போய்ப் படு."

சாதியா போன பிறகு, ஓம்துர்மானிலிருந்து வந்த பையைத் திறந்து வெள்ளைக் கோட்டை எடுத்தாள். மடிப்புகள் மஞ்சளாகியிருந்தன. இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். நோட்டில் 'வியாழன்' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். உம்மா பால் தேநீர் கொண்டுவந்து வைத்து, "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டாள்.

திங்கள் காலை எட்டு மணிக்குச் சுவருக்கு அப்பால் ஓலம் கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு பல. உம்மா கையில் மாவோடு சுவர் வழிக்குள் ஓடினாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காய்ந்த மாவை விரலிலிருந்து உரித்தாள்.

"பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு எந்திரிச்சிருக்கா. அப்படியே விழுந்துட்டா."

இஷ்ராகா தலையணையிலிருந்த போனை எடுத்துக்கொண்டாள்.

"மாமியா உன்னைச் சொல்லித்தான் அழுவுது. 'சிஸ்டர் பாத்துச்சு, ஒண்ணுமில்லேன்னுச்சு, நல்லா இருந்தவளை அல்லா எடுத்துக்கிட்டான்'னு. வர்றவங்க எல்லார்கிட்டயும் அதையே சொல்லுது." உம்மா நிமிரவில்லை. "நீ வாயத் திறக்காதே."

ஒலிப்பதிவு இறங்கி முடிந்திருந்தது. அந்த இடம்வரை விரலால் தள்ளிக்கொண்டு போனாள். மேடத்தின் குரல் தெளிவாக இருந்தது. "—காது மடல்ல மாட்டிப் பாருங்க. ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. ஆளைப் பாருங்க. மருதாணிதான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடாதீங்க." பின்னால் ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது. "இரு வர்றேன்" என்றார் மேடம். இஷ்ராகா பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். மார்ச்சில் எடுத்த குறிப்பு நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறுதல். ஐந்து அறிகுறிகள், சிவப்பு மையில், வரிசையாக. சாதியா காலை இழுத்துக்கொண்டு சுவர் வழியாக வந்த விதம் இரண்டாவது வரியில் இருந்தது.

பத்து மணிக்குச் சாதியாவின் கொழுந்தனும் இன்னொருவரும் வாசல் வழியாக வந்தார்கள். துக்க வீட்டுக்குத் தெருவெல்லாம் கட்டில் தரும்.

"எந்திரி மகளே. ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க, உக்கார இடமில்லே."

அவள் எழுந்தாள். கட்டில் உடனே வரவில்லை. கால்கள் மணலைப் பிடித்திருந்தன. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். கட்டில் அகலத்துக்கு அந்தச் சிறு வழி போதாது. தலைக்கு மேல் தூக்கிச் சுவர்மீது வைத்துத் தள்ளினார்கள். மறுபக்கத்தில் கைகள் வாங்கிக்கொண்டன. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தபடி உள்ளே போயின. கொடியில் வெள்ளைக் கோட்டு காய்ந்து விறைத்திருந்தது.

போன் அவள் கையிலேயே இருந்தது. வகுப்பு தொடங்கியிருந்தது.

"இஷ்ராகா?" என்றார் மேடம். "இஷ்ராகா, இருக்கியாம்மா?"

அவள் நான்கு குழிகளுக்கு நடுவே நின்றாள். அந்த இடத்தில் மட்டும் குரல் உடையாமல் வந்தது. கால் பக்கம் இருந்த குழியின் விளிம்பிலிருந்து மணல் மெல்ல உள்ளே சரிந்துகொண்டிருந்தது. மேடம் மூன்றாவது முறை பெயரைக் கூப்பிட்டார்.