அத்தை தெற்கிலிருந்து வரும் மாதம்

தென்கடலில் இருக்கும் வாவாவு தீவுகளுக்குக் குட்டி போட வந்த கூன்முதுகுத் திமிங்கிலங்களில் ஒன்று, அந்த வருடம் லிசியாதேயின் தங்கை கலோலைனேயைத் தன் குட்டியாக எடுத்துக்கொண்டது. தேங்காய் விலை இறங்கிக் கிடந்த வருடம் அது. லிசியாதே பாய்மரப் படகில் வெள்ளைக்காரர்களைத் தீவு தீவாகக் கூட்டிப்போய், திமிங்கிலங்களோடு நீந்தவிட்டுக் கூட்டிவருவான். அவன் மனைவி பிசிலா வயிற்றுப்பிள்ளையோடு படகில் சமைத்தாள். விருந்தாளிகளோடு நீரில் இறங்கும் ஆள் பருவத்தின் நடுவில் காலை உடைத்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் லிசியாதே சொந்தத் தங்கையையே அந்த வேலைக்கு வைத்தான். ஊர் முகம் சுளித்தது. அங்கே வயதுக்கு வந்த தங்கை உட்கார்ந்த பாயில் அண்ணன் உட்காருவதில்லை. நீச்சல் உடையில் அவளைப் பார்ப்பது பற்றிப் பேச்சே கிடையாது. ஆகவே கலோலைனே கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி இறங்கும்போதெல்லாம் அவன் சுக்கானைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நீரில் இருப்பவர்கள்மேல் கண் வைத்திருக்க வேண்டியவன் அவன். என்ன புத்தியோ, அவளை மட்டும் பார்க்காமல் விட்டான்.

அதனால் முதல் தடவை நடந்ததை அவன் பார்க்கவில்லை. தாய்த் திமிங்கிலம் கலோலைனேயை மூக்கால் தூக்கி, பிறந்த குட்டிக்குச் செய்வதுபோல் ஒருமுறை மூச்சுவிட வைத்து, துடுப்புக்கு அடியில் இடுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. விருந்தாளிகள் அலறிக்கொண்டு படகில் ஏறினார்கள்.

"பிசிலா, அவ வந்துட்டாளா? பாத்துச் சொல்லுடி!"

"நீங்களே திரும்பிப் பாருங்களேன், தலையா போயிடும்?" என்றவள் தானே கடலைப் பார்த்தாள். நீர் அசையாமல் கிடந்தது. தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றி, பாத்திரம் கருகும் வாடை வந்த பிறகுதான் கலோலைனே மேலே வந்தாள். ஏறியதும் தேநீர் கேட்டாள்.

அன்றைக்கு லிசியாதேயைப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை. ஒவ்வொரு நாளும் அவள் கூடுதல் நேரம் கீழே இருந்தாள். திமிங்கிலம் தீவுக்குத் தீவு படகின் பின்னாலேயே வந்தது. அது குரல் கொடுத்தால் பலகை அதிர்ந்து, அந்த அதிர்வு அவன் முழங்கால் எலும்புவரை ஏறும். பருவம் முடிந்து கூட்டம் தெற்கே பனிக்கடலுக்குப் புறப்படும்போது அது தன் குட்டியை விட்டுவிட்டா போகும்? ஆனால் தங்கையைத் தடுக்க அவனுக்கு வாயில்லை. அந்த ஊரில் தங்கை அண்ணனைவிட ஒரு படி மேல்.

"இனிமே தண்ணியில இறங்க வேணாம்னு அவகிட்ட சொல்லு," என்றான் மனைவியிடம்.

படகின் முன்பக்கத்திலிருந்து கலோலைனே அவனுக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "அண்ணி, அந்த அம்மாவுக்கு நான் இல்லாம முடியலைன்னு சொல்லுங்க. அப்புறம், இந்த வீட்டுல எனக்கு உத்தரவு போட எப்பலேர்ந்து ஆள் வந்தாங்கன்னும் கேளுங்க."

அக்டோபர் கடைசியில் இறங்கியவள் ஏறவில்லை. பாத்திரம் கருகியது, பொழுது சாய்ந்தது. லிசியாதே திரும்பிப் பார்த்தான். வெறும் தண்ணீர்தான் இருந்தது. குழந்தைபோல விம்மி அழுதான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. தேவாலயத்தில் மணி அடித்தார்கள். அடுத்த மாதம் பிசிலாவுக்குப் பெண் பிறந்தது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. வேறு யாராவது வைக்கட்டுமே என்று போதகர் சொல்லிப் பார்த்தார். அவள் எங்கிருந்தாலும் கோபித்துக்கொள்வாள் என்று லிசியாதே ஒரே பிடியாக நின்றான். குழந்தை பெயரில்லாமலே தவழத் தொடங்கியது.

ஜூலையில் முதல் திமிங்கிலம் நீர் பீச்சியதாகச் சேதி வந்ததும் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனான். தாய்த் திமிங்கிலத்தின் பெரிய துடுப்புக்குப் பக்கத்தில் கலோலைனே எழும்பினாள். சதை போட்டிருந்தாள், மணிக்கட்டில் சிப்பி ஒட்டியிருந்தது.

"அண்ணி, பிள்ளைய இங்க குடுங்க."

அத்தை கேட்டால் அண்ணன் வீட்டில் இல்லையென்று சொல்லக்கூடாது, பாயானாலும் பன்றியானாலும் பிள்ளையானாலும். லிசியாதேயின் கை பாய்மரக் கயிற்றுக்குப் போனது. பாயை ஏற்றி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

"குடுத்துடு," என்றான்.

பிசிலா கொடுக்கவில்லை. அவனே வாங்கி, குனிந்து, தங்கையின் கையில் கொடுத்தான். திமிங்கிலமும் கலோலைனேயும் குழந்தையும் கீழே போனார்கள். பிசிலா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "உன் தங்கச்சி உரிமையில இடி விழ! எம் புள்ளடா அது! எங்கடா எம் புள்ள?" அவனுக்குள் ஜெபம்கூட வரவில்லை.

வெகுநேரம் கழித்து நீர் விலகியது. கருத்த மூக்கின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. பிசிலா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சியாலே," என்றாள் கலோலைனே. "போதகர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி." அவ்வளவுதான், இறங்கிவிட்டாள்.

பிசிலா அழுதுகொண்டே குழந்தையை மார்பில் வைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைவாயில் வெண்ணெய்போல் கெட்டியான பால் வழிந்திருந்தது. அவள் விரலால் துடைத்து முகர்ந்து பார்த்தாள், மீன் வாடை அடித்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"வயிறு ரொம்பியிருக்கு," என்றாள்.

லிசியாதே பாயை ஏற்றினான். நல்ல காற்று. மறுநாள் விடியும்வரை சியாலேவுக்குப் பசிக்கவில்லை.