குரல் முந்தி, உதடு பிந்தி

காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் அவன் நிலைகொள்ளாமல் தவித்தான். டப்பிங் படங்களில் உதட்டுக்கும் குரலுக்கும் முடிச்சுப் போடுவதுதான் அவன் பிழைப்பு. இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் ஸ்டூடியோவில் ‘இம்மி’ என்றே அவனுக்குப் பட்டப்பெயர். அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது எந்தப் படத்தைப் போட்டாலும் குரல் முந்தியது, உதடு பிந்தியது. கம்ப்யூட்டரைத் திட்டினான். ஸ்பீக்கரை மாற்றினான். கடைசியில் ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் துளித்துளியாகப் பின்னுக்குத் தள்ளிச் ‘சரிசெய்து’ அனுப்பினான்.

மறுநாளே படம் திரும்பி வந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. அதுவே கெட்ட சகுனம். அவனை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். இம்மிக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தது. அறையிலிருந்த மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள்.

“குரல் பின்னாடி வருதுப்பா. உனக்கு நிஜமாவே தெரியலையா?” என்றார் முதலாளி.

பழுது கம்ப்யூட்டரில் இல்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கண்ணும் காதும் ஆளுக்கொரு நேரத்தில் கொண்டுவருவதை மூளைதான் சேர்த்துத் தைக்கிறது, உங்களுக்குத் தையல் விட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம். இந்த ‘லாம்’களை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரர் பேச ஆரம்பித்ததும் தலை சுற்றி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பியபோதுதான் சுரீரென்றது. மூன்று வாரமாக வீட்டிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். மனைவி வாய் திறந்தால் சுவரைப் பார்ப்பான், இல்லையென்றால் தட்டைப் பார்ப்பான். காய்ச்சல் மயக்கம் என்று நினைத்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று அவள், என் மூஞ்சி பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடுங்கள் என்று கேட்டதற்குக்கூட, செருப்பைப் பார்த்தபடி ‘உம்’ கொட்டிவிட்டுப் போனான், பாவி.

வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். கூடத்தில் பெட்டி தயாராக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகிறாளாம், எப்போது வருவாள் என்று தெரியாதாம். அவன் மூச்சிரைக்க, தலையும் வாலும் புரியாமல் எல்லாவற்றையும் கொட்டினான். அகப்பட்டுக்கொண்டவன் கதை விடுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். பெட்டியின் கைப்பிடியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

“இதையாவது என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

பார்த்தான். குமட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

“உன் மூஞ்சி பிடிக்காம இல்ல. நீ பேசறப்போ பார்க்க முடியாம போச்சு, அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கு. போகாதே.”

அவள் அவனை அளந்தாள். வியர்த்த நெற்றியையும் நாற்காலியைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தாள்.

“சரி, போகலை” என்ற குரல் அவன் காதில் விழுந்தது. அவள் வாய் இன்னும் மூடித்தான் இருந்தது. பிறகு அந்த உதடுகள் மெல்லத் திறந்து, அதையே அவனுக்கு மட்டும் இன்னொரு முறை சொல்லின.