டத்தினின் மணிக்கட்டு

திருச்செல்வத்துக்கு டத்தோ பட்டம் கிடைத்ததற்கான விருந்தில் மாட்டுவதற்குக் குடும்ப ஓவியம் ஒன்று வேண்டியிருந்தது. தெப்ராவிலிருந்து ஓவியர் ஜெரால்டினைக் கூப்பிட்டார்கள். வண்ணம் தொடுவதற்கு முன்னால் கரிக்கோலால் முன்வரைவுகள் போடுவது அவள் வழக்கம்.

ஒவ்வொன்றையும் செயலாளர் மணியம் உள்ளே கொண்டுபோய்த் திருத்தத்தோடு திரும்புவார். டத்தோவின் தம்பி பின்வரிசைக்குப் போனார். புது மருமகன் முன்னால் வந்தார். விதவை அண்ணி தூணோரம் தள்ளப்பட்டு, அடுத்த வரைவில் இல்லாமலே போனார். அந்த வீட்டில் யார் கை ஓங்குகிறது, யார் கை தாழ்கிறது என்பது ஜெரால்டினின் தாளில் தெரிந்தது. உறவினர்கள் ஏதோ வேலையாக வருவதுபோல வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டத்தோவின் மனைவி டத்தின் கஸ்தூரி மட்டும் வரவில்லை. அவர் தனியாக அமர்ந்த நாளில் சட்டையின் நீளக்கை விலகி, மணிக்கட்டில் விரல்கள் பதிந்த கன்றல் தெரிந்தது. கண்ணில் பட்டதை வரைந்தே பழகிய ஜெரால்டின் அதையும் வரைந்துவிட்டாள்.

கஸ்தூரி எழுந்து வந்து தாளைப் பார்த்தார். "பெயின்டிங்ல இது வராதுல?"

"வராது டத்தின். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் தெரியும் லா. பாத்ததா யாரும் காட்டிக்க மாட்டாங்க."

அந்தத் தாளை மணியத்திடம் தராமல் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

ஓவியம் முடியுமுன்பே கஸ்தூரி மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். ஜெரால்டின் தாளோடு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புகாரை எழுதிக்கொண்டார், ஆனால் ஓவியர் கை எதையும் வரையுமே என்றார்.

சில நாளில் மணியம் வந்தார். விருந்து தள்ளிப்போகாதாம், டத்தினை ஓவியத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருமகனை நிறுத்த வேண்டுமாம். வரைவுகள் எல்லாமே டத்தோவுக்கு வேண்டுமாம்.

ஜெரால்டின் மற்றவற்றைக் கொடுத்தாள். அந்த ஒன்றைக் கொடுக்கவில்லை. மணியம் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் பாத்திருக்கேன் மிஸ். ஸ்டேஷனுக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

ஓவியத்தை வேறொருவர் முடித்தார். விருந்து சிறப்பாக நடந்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகுதான் கோத்தா திங்கியிலிருந்து கஸ்தூரியின் அக்கா பேச்சியம்மாள், தங்கையை வரைந்தவள் என்று கேள்விப்பட்டு ஜெரால்டினைத் தேடி வந்தாள். தங்கை கால் தவறி விழுந்ததாக மட்டுமே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெரால்டின் காட்டிய தாளை மடியில் வைத்து, கன்றல் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ," என்றாள். பிறகு எழுந்து, போலீஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

ஜெரால்டின் கார்ச் சாவியை எடுத்தாள்.